கையெழுத்துக்கு ஓர் இடம்

அத்தியாயம் 17

சிறீஸ்கந்தராசாவின் வரவேற்பறை அலுமாரியில், சாமிப் படங்களுக்குக் கீழ்த்தட்டில் ஒரு லமினேற் இயந்திரம் இருக்கிறது என்று மூன்றாம் அத்தியாயத்திலேயே எழுதியிருந்தேன். கதைக்கு உதவாத தட்டுமுட்டுச் சாமானையெல்லாம் எதற்குப் பட்டியல் போடுகிறீர்கள் என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். அம்மா, பதினான்கு வாரம் காத்திருந்தீர்கள். இன்றைக்கு உங்களுக்குப் பதில் கிடைக்கும்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தனுசியா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். கடலடியில் வளரும் புல்லை ஆராய்கிறவள். ஆய்வாளர் பரிமாற்றத் திட்டமொன்றின் விசாவில் கோப்பன்ஹேகனுக்கு வந்து, அதன் புறநகரான புரொண்பியில் தாய்மாமன் சிறீஸ்கந்தராசாவின் வீட்டில் தங்கியிருக்கிறாள். அவளுடைய தாய் விசாலாட்சி சண்டை நடந்த வன்னிக்குள் அகப்பட்டுக்கொண்டவள். ஜனவரிக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு சொல் வரவில்லை.

2009 மே மாதம் சண்டை முடிந்தது. போன வாரம் வவுனியாவிலிருந்து, குடும்பத்துக்குப் பழக்கமான தேவராசா மாஸ்டர் தொலைபேசி எடுத்தார். விசாலாட்சியை, வன்னிச் சனத்தை அடைத்து வைத்திருக்கும் முகாமில் கண்டதாகவும், ஞாயிற்றுக்கிழமை முள்ளுக்கம்பி வேலியடிக்கு அவளை வரச் சொல்லியிருப்பதாகவும், மகள் வந்தால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கதைக்கலாம் என்றும் சொன்னார். தனுசியா அன்றைக்கே விமானச்சீட்டு எடுத்துவிட்டாள்.

இன்று வியாழக்கிழமை, ஜூன் நான்கு. விமானம் பின்னேரம் ஏழு மணிக்கு.

காலை எட்டு மணிக்குத் தனுசியா தன்னுடைய பைலைத் திறந்தாள். பாஸ்போட் இருந்தது. விசா ஒட்டிய பக்கம் இருந்தது. கடைசியாகப் பயணத்தாளை எடுத்தாள். அது வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

பரிமாற்றத் திட்டத்தில் வருகிறவர்களுக்கு விசா மட்டும் போதாது. அதோடு ஒரு தாள் கொடுப்பார்கள். முன்பக்கத்தில் பெயர், படம், முத்திரை. பின்பக்கத்தில் மூன்று கட்டங்கள். ஆய்வாளர் நாட்டைவிட்டு வெளியே போவதற்கு முன், ஆய்வுக்கூடத்தில் பொறுப்பானவர் ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்த வேண்டும். திரும்பி வரும்போது எல்லையில் அதைப் பார்ப்பார்கள். கையெழுத்து இல்லாவிட்டால் திட்டத்தை விட்டுப் போனவர் என்று அர்த்தம். விசாவும் அத்தோடு செத்துவிடும்.

அந்தத் தாள் இப்போது இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் பளபளவென்று கிடந்தது.

"இதை ஆர் செய்தது?" என்று தனுசியா கேட்டாள்.

சிறீஸ்கந்தராசா மேசையில் இருந்து பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தார். அவளை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போவதற்காக வேலைக்கு லீவு போட்டிருந்தார். "நான்தான் பிள்ளை, செவ்வாய்க்கிழமை செய்தனான். இனி மழை பட்டாலும் ஒண்டும் செய்யாது" என்றார்.

இந்த மனிதரை நீங்கள் அறிவீர்கள். எண்பத்தைந்தில் ஊரை விட்டு ஓடியபோது மாரி மழையில் அவருடைய சான்றிதழ்கள் அத்தனையும் கூழாகிப் போயின. படித்தவன் என்று காட்ட ஒரு துண்டும் இல்லாமல் டென்மார்க்கில் வந்து நின்றார். அதற்குப் பிறகு வாழ்க்கையில் முதன்முதலாக ஆசைப்பட்டு வாங்கிய பொருள் அந்த இயந்திரம்தான். புரொண்பியில் பிறப்புச் சான்றிதழா, கலியாணப் பதிவா, பிள்ளையின் நீச்சல் பத்திரமா, எல்லாம் அவரிடம்தான் வரும். பல் வைத்தியர் எழுதிக் கொடுத்த அடுத்த தவணைச் சீட்டைக்கூட லமினேற் பண்ணி வைத்திருக்கும் மனிதர் அவர்.

தனுசியா தாளைத் திருப்பினாள். மூன்று கட்டங்களும் தெளிவாகத் தெரிந்தன. மேசையில் கிடந்த பேனாவை எடுத்து முதலாவது கட்டத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். மை உருண்டு நின்றது. விரலால் துடைக்க முழுவதும் போய்விட்டது.

"மாமா, இதிலை இண்டைக்கு ரெண்டு மணிக்கு முதல் கையெழுத்து வைக்க வேணும். நாளைக்கு லீவு."

நாளை ஜூன் ஐந்து, டென்மார்க்கின் அரசியலமைப்பு நாள். அலுவலகங்கள் பூட்டு. அதற்கடுத்தது சனி, ஞாயிறு.

சிறீஸ்கந்தராசா பட்டர் கத்தியைக் கீழே வைத்தார். அப்படியா என்று கேட்டார். தனக்கு அது தெரியாமல் போய்விட்டதே என்றார். பிறகு, ஒரு மாதம் பொறுத்துப் போனால் என்ன, இப்போது அங்கே இளம் ஆட்களைக் கண்டால் பிடித்து வைத்து விசாரிக்கிறார்களாம், வெளிநாட்டு விசாவோடு போகிற கம்பஸ்காரியைச் சும்மா விடுவார்களா என்று மெல்ல மெல்ல அடுக்கினார்.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அந்த மாதம் புரொண்பியில் ஒவ்வொரு வீட்டிலும் இதைத்தான் கதைத்தார்கள்.

குசினிக்குள் நின்ற மாமி தங்கமலர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வயோதிபர் இல்லமொன்றில் வேலை செய்கிறவள். நேற்று முழுக்க நின்று பயணப்பெட்டியை அடுக்கியவளும் அவள்தான். பால்மா, சவர்க்காரம், உள்ளாடைகள், விசாலாட்சிக்கென்று இரண்டு சோடிச் செருப்பு. பெட்டியை அடுக்கிய கையாலேயே இப்போது தனுசியாவின் தோளைப் பிடித்து, பேசாமல் இங்கேயே அசூல் அடித்துவிடு என்றாள். சண்டை முடிந்த கையோடு கேட்டால் தருவார்கள், பிறகு தாயையும் கூப்பிடலாம் என்பது அவளுடைய கணக்கு.

அசூல் அடிப்பதென்றால் அகதி விண்ணப்பம் கொடுப்பது. கொடுத்தால் பாஸ்போட்டையும் ஒப்படைக்க வேண்டும். அதன் பிறகு இலங்கைப் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை வேலியடியில் விசாலாட்சி தனியாகத்தான் நிற்பாள்.

"மாமி, நீங்கள் உயிரைக் காப்பாற்ற வந்தனீங்கள். அதிலை நான் ஒரு குறையும் சொல்லமாட்டன்" என்றாள் தனுசியா. "என்னை ஆக்கள் கடிதம் போட்டுக் கூப்பிட்டவை, வந்தனான். அம்மாவைப் பாத்துப்போட்டு அதே கதவாலை திரும்பி வருவன். எனக்குப் பின்னாலை வாறதுக்கு எங்கட கம்பஸிலை இன்னும் ரெண்டு பேர் நிக்கினம். நான் விட்டிட்டு ஓடினவள் எண்டு எழுதப்பட்டால் அவைக்கும் கதவு பூட்டு."

தாளைப் பைலுக்குள் வைத்தாள். சப்பாத்தைப் போட்டாள். மாமா காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று எழும்பியதை வேண்டாம் என்று மறுத்துவிட்டு ரயிலடிக்கு நடந்தாள்.

ஆய்வுக்கூடத்தில் வெளிநாட்டு ஆய்வாளர்களுக்குப் பொறுப்பானவள் கிர்ஸ்டன். அறுபதை எட்டும் வயது. மேசையில் பூச்சாடியும் மேசைக்கடியில் ஒரு சோடி ரப்பர்ச் சப்பாத்தும் வைத்திருப்பாள். இரண்டு மணிக்குக் கந்தோரைப் பூட்டிவிட்டுக் கோடைகால வீட்டுக்குப் புறப்பட ஆயத்தமாக நின்றாள்.

தாளைப் பார்த்ததும் முதலில் சிரித்துவிட்டாள். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், விளிம்பை நகத்தால் சுரண்டினாள், பிறகு அவளுடைய சிரிப்பு போய்விட்டது. திட்டத்தின் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து அரைமணி நேரம் கதைத்தாள். புதுத் தாள் தருவார்கள், ஆனால் மூன்று கிழமை ஆகும். தனிக் கடிதம் எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, எல்லையில் கடிதத்தைப் பார்க்க மாட்டார்கள், மூலத்தாளில் கையெழுத்து இருக்க வேண்டும் என்று பதில் வந்தது.

ஜூலையில் போனால் என்ன என்று கிர்ஸ்டன் கேட்டாள். அக்கறையோடுதான் கேட்டாள். காலையிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுத் தனுசியாவுக்கு அலுத்துவிட்டது. முள்ளுக்கம்பி வேலியைப் பற்றியும், ஐந்து மாதம் சத்தமே இல்லாமல் இருந்ததைப் பற்றியும், ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொன்னாள். அழவில்லை. அழுதால் கிர்ஸ்டன் தண்ணீர் கொண்டுவந்து தருவாள், நேரம் போய்விடும்.

கிர்ஸ்டன் பேனாவின் மூடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். இரண்டு மணி வரைக்கும் இந்தக் கதிரையில்தான் இருப்பேன், மை பிடிக்கக்கூடிய தாளாக இதைக் கொண்டுவா, நான் கையெழுத்துப் போடுகிறேன், பிளாஸ்டிக்கில் மட்டும் போடமாட்டேன் என்றாள்.

நேரம் பதினொன்று நாற்பது.

லமினேற் பண்ணியதைக் கழற்ற வழியிருக்கிறதா என்று கேட்கத் தனுசியா வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள். தங்கமலர்தான் எடுத்தாள். கேள்வியைக் கேட்டதும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"பிள்ளை, நான் வாயைத் திறக்கக்கூடாது எண்டுதான் இருந்தனான். ஏலாமல் கிடக்கு" என்றாள் தங்கமலர். "அந்த மனுசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தை எழுத்தெழுத்தாய் வாசிச்சவர். டெனிஷிலையும் வாசிச்சு, இங்கிலீசிலையும் வாசிச்சு, பிறகுதான் மெசினிலை விட்டவர்."

தனுசியா கொரிடோரில் நின்றபடியே சுவரில் சாய்ந்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. அவளுக்கு ஷெல்லடி தெரியும், ஊரடங்கு தெரியும், பாதை பூட்டித் தாயைப் பார்க்காமல் இரண்டு வருடம் இருந்ததும் தெரியும். அப்போதெல்லாம் வராத கோபம் இப்போது வந்தது. பூட்டியவன் இந்த முறை சொந்த மாமா.

"மாமாவிட்டைச் சொல்லுங்கோ" என்றாள். "வெட்டுற பிளேட்டை எடுத்துக்கொண்டு ஒரு மணிக்கு முதல் இஞ்ச வரச் சொல்லி. வராட்டி நான் கையெழுத்து இல்லாமலே போறன். பிறகு வந்து எல்லையிலை நிண்டு சண்டை பிடிக்கிறன். ஆனால் போறன்."

ஒன்றுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது சிறீஸ்கந்தராசா வந்தார். இருபத்துமூன்று வருடமாக இந்த நாட்டில் இருக்கிறார், ஒரு ஆய்வுக்கூடத்துக்குள் இன்றைக்குத்தான் கால் வைக்கிறார். தட்டுத் தட்டாக ஜாடிகள். ஒவ்வொன்றிலும் கறுப்புச் சேறு, அதன்மேல் மருமகளின் கையெழுத்தில் இடமும் திகதியும். அவர் ஒன்றிரண்டை வாசித்துப் பார்த்தார். வைலே கடல்நீரேரி, நான்கு மீற்றர் ஆழம். மற்றத் தட்டில் யாழ்ப்பாணக் கடல்நீரேரிச் சேறு. அதை எப்படி இங்கே கொண்டுவந்தாய் என்று கேட்க வாயெடுத்தவர், அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"வாசிச்சிட்டுத்தான் செய்தனீங்களோ?"

"ஓம்."

மழுப்புவார் என்று அவள் நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் மழுப்பவில்லை.

"ஜனவரியிலை உன்ரை அம்மா கடைசியாய் எனக்கு எடுத்துக் கதைச்சவள்" என்றார். "ரெண்டு நிமிசமும் இல்லை. அண்ணை, என்ன நடந்தாலும் பிள்ளையை இஞ்சாலை விடாதேங்கோ எண்டு சொன்னவள். நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். பிறகு லைன் அறுந்திட்டுது. நான் குடுத்த வாக்கு உனக்குத் தெரியாது."

ஐந்து மாதமாக இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தங்கமலருக்கும் தெரியாது. கோப்பன்ஹேகன் சதுக்கத்தில் ஊர்ச்சனம் எல்லாம் சண்டையை நிறுத்தச் சொல்லி நின்று கத்தியபோது, இந்த மனிதர் ஏன் வாயே திறக்காமல் ஓரமாக நின்றார் என்று பதினோராம் அத்தியாயத்தில் நீங்களும் யோசித்திருப்பீர்கள்.

தனுசியாவின் கோபம் குறையவில்லை. ஆனால் அது நின்ற இடம் மாறிவிட்டது.

"அம்மா அதைச் சொல்லேக்க எனக்குக் காவலாய் நிண்டவ" என்றாள். "இப்ப அவவை அடைச்சு வைச்சிருக்கினம் மாமா. அடைச்சு வைச்சிருக்கிற ஆள் வரவேண்டாம் எண்டு சொன்னால், சரி எண்டு இருக்கிறதோ? நீங்கள் எனக்காகப் பயந்தனீங்கள். அதுக்கு நான் உங்களைக் கும்பிடுறன். ஆனால் எனக்கும் சேர்த்து நீங்கள் முடிவெடுக்க ஏலாது. உங்கட அம்மா செத்தபோது உங்களாலை போக முடியேல்லை. அந்த நேரம் உங்களுக்கு வழி இல்லை. எனக்கு வழி இருக்கு. நீங்கள் அதைப் பூட்டிப்போட்டியள்."

சிறீஸ்கந்தராசா பக்கத்திலிருந்த உயரமான ஸ்டூலில் இருந்தார். தாயின் செத்தவீட்டை அவர் ஒரு வீடியோ கஸெற்றில்தான் பார்த்தார். அதை ஒரு தடவைக்கு மேல் பார்த்ததும் இல்லை. அது அவருக்குள் அப்படியே கிடந்தது. அழுகை வந்தது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"தாளைத் தா" என்றார்.

லமினேற் வேலையில் அவருக்குத் தெரியாதது இல்லை. பிளாஸ்டிக் தாளோடு ஒட்டியிருப்பது பசையால், அந்தப் பசை சூட்டில்தான் இளகும். குளிர்ந்தபடி உரித்தால் தாளின் முகமே கழன்று வந்துவிடும், எழுத்தும் போகும், முத்திரையும் போகும். முழுத்தாளையும் உரிப்பது ஆகாத காரியம். கையெழுத்துக் கட்டத்தை மட்டும் சுற்றிவர வெட்டி, சுடச்சுட உரித்தால் தப்பலாம் என்றார். வீட்டில் என்றால் ஸ்திரிப்பெட்டி இருக்கிறது, இங்கே சூட்டுக்கு எங்கே போவது என்று சுற்றிப் பார்த்தார்.

"சூடு என்னட்டை இருக்கு" என்றாள் தனுசியா.

சேறு காயவைக்கும் அடுப்பு மூலையில் இருந்தது. அதைத் தொண்ணூறு பாகையில் வைத்தாள். அது சூடாகும்வரை சிறீஸ்கந்தராசா பிளேட்டை எடுத்து முதலாவது கட்டத்தின் நான்கு பக்கமும் வெட்டினார். மேலே இருக்கும் பிளாஸ்டிக்கை மட்டும் வெட்ட வேண்டும், கீழே தாளில் படக்கூடாது. மயிரிழை வித்தியாசம். வயது அறுபதாகப் போகிறது, ஆனால் பிளேட் ஓரிடத்திலும் ஆழப் போகவில்லை. தனுசியா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாளை ஒரு தட்டில் வைத்து அடுப்புக்குள் தள்ளினாள். நான்கு நிமிடம். நேரம் ஒன்று பதினைந்து.

வெளியே எடுத்ததும் சிறீஸ்கந்தராசா வெட்டிய மூலையைப் பிளேட் நுனியால் கிளப்பி, இரண்டு விரலால் பிடித்து இழுக்கத் தொடங்கினார். சுட்டது. விடவில்லை. கொஞ்சம் வந்ததும் தாள் நூல் நூலாகக் கிளம்பியது. மறுபடி அடுப்புக்குள் வை என்றார். வைத்தார்கள். எடுத்தார்கள். இரண்டாம் தடவை பாதி வந்தது. மூன்றாம் தடவை முழுத் துண்டும் கையோடு வந்துவிட்டது.

கையெழுத்துக்கென்று அச்சடித்திருந்த கோடு பிளாஸ்டிக்கோடு போய்விட்டது. அந்த இடத்தில் நெருப்புப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைச் சதுரம், பஞ்சு கிளம்பி, தொட்டால் சொரசொரத்தது. ஆனால் அது தாள்தான். தனுசியா ஓரத்தில் பேனாவால் ஒரு சின்னப் புள்ளி வைத்துப் பார்த்தாள். மை ஊறியது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமாவைப் பார்த்தாள். விரல் நுனிகள் இரண்டும் சிவந்து போயிருந்தன. அவர் அதைக் காற்சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டார்.

கிர்ஸ்டன் கந்தோரில்தான் இருந்தாள். அந்த வெள்ளைச் சதுரத்தை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். இதைச் செய்தது யார் என்று டெனிஷில் கேட்டாள். நான்தான் என்று சிறீஸ்கந்தராசா சொன்னார், லமினேற் பண்ணியதையா உரித்ததையா கேட்கிறாள் என்று தெரியாமலே. அவள் மேலே கேட்கவில்லை. மெதுவாக, அழுத்தாமல், கோடு இல்லாத இடத்தில் நேராகக் கையெழுத்துப் போட்டாள். மை கொஞ்சம் பரவியது. திகதி போட்டாள். முத்திரையைக் குத்திவிட்டு ஊதினாள்.

எல்லையில் இதை ஏற்பார்களா என்பது தனக்குத் தெரியாது என்றும் ஒளிக்காமல் சொன்னாள். கேட்டால் திங்கட்கிழமைக்குப் பிறகு என்னுடைய இலக்கத்துக்கு எடுக்கச் சொல், என் கையெழுத்து என்று நான் சொல்வேன் என்றாள். தனுசியா அவளைக் கட்டிப்பிடித்தாள். கிர்ஸ்டனுக்கு அது பழக்கமில்லை, ஆனாலும் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

இரண்டு மணிக்குக் கந்தோர் பூட்டப்பட்டது.

விமான நிலையத்துக்குப் போகிற வழியெல்லாம் தங்கமலர் காரின் பின்சீட்டில் தனுசியாவின் கையைப் பிடித்தபடி இருந்தாள். காட்டிக்கொடுத்ததற்காகப் புருசன் ஏசுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஏசவில்லை. கிறீம் பூசிய இரண்டு விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு, மற்ற விரல்களால் ஸ்டியரிங்கைப் பிடித்து, எல்லாரும் தன்னை முந்திப் போகும்படி காரை ஓட்டினார்.

உள்ளே போகும் வரிசை வரை வந்தார்கள். தங்கமலர் அழுதாள். சிறீஸ்கந்தராசாவுக்குத் தங்கைக்குச் சொல்லி அனுப்ப ஆயிரம் இருந்தது. வேலிக்கு அப்பால் நிற்கிறவளுக்கு எதைச் சொல்லி அனுப்புவது என்றுதான் தெரியவில்லை. வாக்கு மாறிப்போட்டன், மன்னிச்சுக்கொள் எண்டு அண்ணை சொன்னவர் எண்டு சொல்லு என்றார். அதை நான் சொல்லமாட்டேன், நீங்களே ஒருநாள் வந்து சொல்லுங்கள் என்று தனுசியா சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இருவரும் கார் நிறுத்துமிடத்துக்குத் திரும்பி வந்தபோது ஆறு மணி கடந்திருந்தது. வெயில் இன்னும் நன்றாக எறித்துக்கொண்டிருந்தது. சிறீஸ்கந்தராசா சாவியைப் போட்ட நேரம் கைத்தொலைபேசி அடித்தது. வவுனியா இலக்கம்.

தேவராசா மாஸ்டர் நிதானமான மனிதர், எதையும் முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்வார். இன்றைக்கு அப்படிச் சொல்லவில்லை. விசாலாட்சி இருந்த பகுதியில் காலையில் பஸ்கள் வந்தனவாம். ஒரு தொகுதிச் சனத்தை ஏற்றிக்கொண்டு போனார்களாம். எங்கே என்று கேட்டால் ஒருவரும் சொல்லவில்லையாம். மாஸ்டர் மத்தியானம் போய்ப் பெயர்ப்பட்டியலைப் பார்த்திருக்கிறார். மிச்சம் இருப்பவர்களின் பட்டியலிலும் அவளுடைய பெயர் இல்லை, போனவர்களின் பட்டியலிலும் இல்லை. பிள்ளை வெளிக்கிட்டுவிட்டாவா என்று மாஸ்டர் கேட்டார். முடியுமென்றால் நிற்பாட்டுங்கள் என்றார்.

சிறீஸ்கந்தராசா தொலைபேசியை மடியில் வைத்தார். தங்கமலர் பின்சீட்டிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லாதேங்கோ" என்றாள் முதலில். அடுத்த நிமிடமே, "சொல்லுங்கோ, சொன்னால் திரும்பி வந்திடுவாள்" என்றாள்.

காலையில் இந்தச் செய்தி வந்திருந்தால் அவர் கடவுளுக்கு நன்றி சொல்லியிருப்பார். தாளையும் வெட்டியிருக்க வேண்டாம், விரலையும் சுட்டிருக்க வேண்டாம். இப்போது சொன்னால் அவளை நிறுத்துகிறதாகிவிடும். சொல்லாமல் விட்டால் செவ்வாய்க்கிழமை செய்ததையே இன்னொரு முறை செய்ததாகிவிடும். விமானம் புறப்பட இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

அவர் தனுசியாவின் இலக்கத்தை அழுத்தினார். அவள் உடனே எடுத்தாள். விமானத்துக்கான வரிசையில் நிற்பதாகச் சொன்னாள்.

"பிள்ளை, ஒண்டையும் மறைக்காமல் சொல்லுறன். முடிவை நீ எடு" என்று தொடங்கி, மாஸ்டர் சொன்னதைச் சொன்னபடியே சொல்லி முடித்தார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அந்தப் பக்கம் அறிவிப்பு ஒன்று ஓடி முடிந்தது. யாரோ ஒரு குழந்தை டெனிஷில் எதையோ கேட்டு அழுதது.

"எத்தினை முகாம் இருக்காம் மாமா?"

"ஏழெட்டு இருக்கும் எண்டு மாஸ்டர் சொல்லுறார். சரியாத் தெரியேல்லையாம்."

"ஓம்."

"நிக்கப்போறியோ பிள்ளை? காரைத் திருப்பிக்கொண்டு வாசலுக்கு வாறன்."

"வேண்டாம். நீங்கள் வீட்டை போங்கோ" என்றாள். குரல் உடைந்துதான் வந்தது, ஆனால் நிற்கவில்லை. "மாஸ்டரிட்டைச் சொல்லுங்கோ, ஞாயிற்றுக்கிழமை நான் வேலியடியிலை நிப்பன். அம்மான்ரை பேர் ஒரு பட்டியலிலையும் இல்லையெண்டால், அதை எழுதுவிச்சுப்போட்டுத்தான் திரும்பி வருவன்."